கீறல் விழுந்த பக்கம்

(திருத்தங்கலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கீறல் விழுந்த சிடியை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு இது பெரிய விஷயம். ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008-ஆம் ஆண்டு. அப்போது நம் ஊரில் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தேன். பகலில் கல்யாண வீடியோ மிக்ஸிங். சாயங்காலம் இரண்டு டிவியைப் போட்டு, பையன்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று கேம். ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் வந்தார். தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார், விரல் நுனியெல்லாம் பசை. மாதக் காலண்டர் தாள் ஒன்றை நாலாக மடித்து, அதற்குள் ஒரு சிடி. "அண்ணாச்சி, இது எங்க கல்யாண சிடி. ரெண்டாவது சிடி. சிக்குது. பந்தி வர்ற இடத்துக்கு முன்னாலயே நின்னு போவுது. அந்த இடம் மட்டும் ஓடிட்டாப் போதும்" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் பம்பரம் மாதிரி சுற்ற விட்டிருக்கிறான் அவர் மகன். வட்டம் வட்டமாகக் கீறல். "முதல் சிடி நல்லாத்தானே இருக்கு, தாலி கட்டுறது அதுலதானே வரும்" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "தாலி கட்டுறதுல பாட்டுப் போட்டுட்டாங்க அண்ணாச்சி. பந்தியிலதான் அவரு பேசுவாரு. வீடியோக்கார அண்ணனைப் பார்த்து, நீங்க சாப்பிட்டீங்களான்னு கேப்பாரு. அவரு சத்தம் வேற எதுலயும் இல்ல."

கணவர் பட்டாசு ஆலை விபத்தில் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மகனுக்கு அப்பாவின் குரல் தெரியாது. கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோவில் மூல கேசட்டை அழித்து வேறு கல்யாணத்துக்குப் பயன்படுத்திவிட்டார்கள். ஆக, ஒரு மனிதனின் குரல் உலகத்தில் எஞ்சியிருந்தது அந்த ஒரு வட்டில்தான், அதுவும் கீறல் விழுந்த இடத்துக்கு அந்தப் பக்கம்.

"நாளைக்கு வாங்க தாயி" என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு ராத்திரி நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். வட்டில் கீறல் என்றால் என்ன என்பது விளங்கினால்தான் அது உங்களுக்குப் புரியும்.

உங்கள் வீட்டுப் பூஜை அறையில் பெருமாள் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறீர்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் பெருமாளுக்கு ஒன்றும் ஆகாது. பார்க்கிற நமக்குத்தான் மங்கும். சிடியும் அப்படித்தான். 12 சென்டிமீட்டர் அகலம், 1.2 மில்லிமீட்டர் கனம். அந்தக் கனம் கிட்டத்தட்ட முழுக்கப் பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். ஹெல்மெட்டின் முன்மறைப்பு செய்கிற அதே பொருள். பாட்டையும் படத்தையும் பதிந்து வைத்த எழுத்து இருப்பது அடியில் இல்லை. பிளாஸ்டிக்கின் மேல்முகத்தில், லேபிளை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத குழிகளாக இருக்கிறது. அதன்மேல் அலுமினியம் மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. அதற்கும் மேலே ஒரு பூச்சு வார்னிஷ், பிறகு லேபிள் மை. பளபளக்கும் பக்கம் முழுவதும் கண்ணாடிதான்.

கீழே இருந்து லேசர் ஒளி போகிறது. பிளாஸ்டிக்கின் அடிமுகத்தில் நுழையும்போது அதன் அகலம் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர். உள்ளே போகப் போகக் குவிந்து, எழுத்தைத் தொடும்போது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆகிவிடுகிறது. கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு தெருவிளக்கைப் பாருங்கள். வலை கண்ணுக்குத் தெரியாது, விளக்குத்தான் தெரியும். கண் தூரத்தில் குவிந்திருக்கிறது. லேசருக்கும் சின்னத் தூசியும் மெல்லிய கீறலும் கொசுவலைதான். அதனால்தான் கோடு கோடாகக் கீறிக் கிடக்கிற சிடிகூடப் பல நேரம் ஓடிவிடுகிறது. ஆழமான கீறலும், ஒரே இடத்தில் நெருங்கி விழுந்த கீறலும்தான் ஒளியைச் சிதறடிக்கின்றன.

நம் சிவகாசிப் பக்கத்தைக் குட்டி ஜப்பான் என்று பெருமையாகச் சொல்வோம். முதல் சிடி பிளேயர் கடைக்கு வந்தது அசல் ஜப்பானில்தான், 1982 அக்டோபர் 1-ஆம் தேதி. சிடி, சோனியும் ஹாலந்து நாட்டு பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கியது. ஆனால் சிடியைக் கீறலில் இருந்து காப்பாற்றுகிற மூளை அதற்கு 22 வருஷம் முந்தியது. 1960-இல் இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்கிற இரண்டு அமெரிக்கர்கள் ஐந்து பக்கத்தில் ஒரு கணிதக் கட்டுரை எழுதினார்கள். எழுத்தோடு கூடுதலாகச் சில எண்களைச் சேர்த்து அனுப்பினால், வழியில் சில எழுத்து அழிந்தாலும் மிச்சத்தை வைத்து அதைக் கணக்குப்போட்டு மீட்கலாம் என்பதுதான் அந்தக் கட்டுரை. யுரேனஸைத் தாண்டிப் போன வாயேஜர் விண்கலம் படம் அனுப்பியதிலும் அந்தக் கணக்கு இருந்தது, நம் வீட்டு சிடியிலும் இருக்கிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. இதை உங்களுக்கு விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. பட்டாசு ஆலையில் எல்லா மருந்தையும் ஓர் அறையில் வைப்பார்களா? அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்ட வேண்டும், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. எதற்கு? ஓர் அறை பற்றினால் மற்றது தப்ப வேண்டும். சிடியில் எழுதும்போதும் ஒரு பாட்டின் அடுத்தடுத்த துணுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதில்லை. 24 பைட் கொண்ட ஒரு கட்டை எடுத்து, பிழைதிருத்த எண்களைச் சேர்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுகளின் நீளத்துக்குத் தள்ளித் தள்ளித் தூவிவிடுகிறார்கள். ஓர் இடத்தில் கீறல் விழுந்தால் பல கட்டுகளில் இருந்து ஆளுக்குக் கொஞ்சம்தான் போகும். அந்தக் கொஞ்சத்தைக் கணக்கு மீட்டுவிடும். இப்படி ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் தடம் தொடர்ச்சியாக அழிந்தாலும் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். நம் ஊரில் அந்தப் பட்டாசு ஆலை விதியை மீறினால் என்ன ஆகிறது என்று இந்த அரங்கில் உள்ள யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த 2.5 மில்லிமீட்டரை நினைவில் வையுங்கள். துடைக்கிற முறை முழுக்க அதில் அடங்கியிருக்கிறது. எழுத்து, நடுவில் தொடங்கி வெளியே போகும் சுருள் கோடாக ஓடுகிறது. நடுவில் இருந்து விளிம்புக்கு நேராக விழுந்த கீறல் இந்தக் கோட்டைக் குறுக்கே வெட்டுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளிதான் போகும். வட்டமாக விழுந்த கீறல் கோட்டோடு சேர்ந்தே ஓடுகிறது, ஒரே இடத்தில் நீளமாக அழிக்கிறது. கணக்கால் அதை மீட்க முடியாது. தட்டைத் துடைப்பது போல நம் வீட்டில் சிடியைச் சுற்றிச் சுற்றித் துடைக்கிறோமே, அதுதான் சிடிக்குச் செய்யும் பெரிய கெடுதல். துணியில் ஒரு மணல் இருந்தால் போதும். எப்போதும் நடுத்துளையில் இருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடைக்க வேண்டும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம்.

முதலில், எந்தப் பக்கம் கீறியிருக்கிறது என்று பாருங்கள். சிடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, லேபிள் பக்கம் ஊசித் துளையாக ஒளி ஒழுகினால், அங்கே அலுமினியமே போய்விட்டது. எழுத்தும் அதோடு போனது. சக்கரத்திலும் கம்பி மத்தாப்பிலும் வெள்ளியாகப் பொரிகிறதே, அதே அலுமினியம்தான், இங்கே மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு மெல்லிசு. அதைக் காப்பது ஒரு பூச்சு வார்னிஷ். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி "கல்யாணம் பாகம் 2" என்று எழுதினாலே காயம் பட்டுவிடும். அந்தக் காயத்துக்கு வீட்டு வைத்தியமும் இல்லை, கடை வைத்தியமும் இல்லை. நாம் பளபளப்பான பக்கத்தைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டு லேபிள் பக்கத்தை மேசையில் தேய்க்கிறோம். சிடிக்கு உயிர் லேபிள் பக்கத்தில் இருக்கிறது. டிவிடி வேறு. அது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது, எழுத்து நடுவில் பத்திரமாக இருக்கும். லேபிள் பக்கக் கீறலை அது தாங்கும்.

அடுத்தது, கழுவுங்கள். வைத்தியத்தில் பாதி இதுதான். சிக்குகிற சிடிகளில் நிறையக் கீறலால் சிக்குவதில்லை. விரல் எண்ணெய், அடுப்படிப் புகை, தூசி. ஓடுகிற தண்ணீரில் காட்டி, பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டு, விரல் நுனியால் உள்ளிருந்து வெளியே தடவி அலசுங்கள். துடைக்க நூறு தடவை துவைத்த பழைய வேட்டித் துணியைவிட நல்லது கிடையாது. புதுத் துண்டும் டிஷ்யூ காகிதமும் வேண்டாம், காகித நார் கீறும். வெயிலில் காய வைக்காதீர்கள்.

கழுவிப் போட்டும் ஓடவில்லை என்றால் வேறு ஒரு பிளேயரில் போடுங்கள். அதிலும் இல்லையென்றால் கம்ப்யூட்டர் டிரைவில். ஒவ்வொரு லேசருக்கும் ஒவ்வொரு பார்வை. நோய் பிளேயரின் லென்ஸில் இருக்க, சிடியைப் போட்டுத் தேய்த்துக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதற்கும் பிறகுதான் பேஸ்ட். வெள்ளைப் பற்பசையில் இருப்பது கால்சியம் கார்பனேட் அல்லது சிலிகாவின் மிக மெல்லிய துகள். பல்லின் எனாமலைக் கெடுக்காத துகள், பல்லைவிட மென்மையான பிளாஸ்டிக்கை லேசாகத் தேய்த்துவிடும். கீறலின் கூர்மையான கரைகள் மழுங்கும். மழுங்கினால் ஒளி சிதறுவது குறையும். பட்டாணி அளவு எடுத்து, ஈரத் துணியில் தடவி, கீறல் இருக்கிற இடத்தில் மட்டும், உள்ளிருந்து வெளியே, இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஜெல் வேண்டாம். உப்பு, கரி, பளிங்குத் துகள் என்று விளம்பரம் செய்கிறவை வேண்டாம். பல்பொடி வேண்டவே வேண்டாம், துகள் பெரிசு. அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். விபூதியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்த ஒரு சிடியை என்னிடம் கொண்டுவந்தார்கள். பித்தளை விளக்கு மாதிரி துலக்கியிருந்தார்கள், பார்க்கத் தரை மாதிரி மங்கியிருந்தது. நல்லது நினைத்துத்தான் செய்தார்கள்.

மெருகு போடுவது நம் ஊருக்குப் புதிதா? சங்கப் புலவர் வரிசையில் தங்காற் பொற்கொல்லனார் என்று ஒருவர் இருக்கிறார், புறநானூற்றில் அவர் பாட்டு இருக்கிறது. தங்கால் என்பது நம் திருத்தங்கல்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பொற்கொல்லர் வேலையை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அரத்தில் தொடங்கி, உப்புத்தாள், அதைவிட மெல்லிசு, அதைவிட மெல்லிசு என்று இறங்கிக் கடைசியில் வெறும் துணியில் முடிப்பார்கள். ஒவ்வொரு படியும் முந்தின படியின் கீறலை அழித்து, அதைவிடச் சின்னக் கீறலைப் போடுகிறது. கடைசிக் கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாகிவிட்டால் அதற்குப் பெயர் மெருகு. சிடியிலும் அதுதான் நடக்கிறது. ஆழமான கீறலுக்கு 2000 நம்பர் நீர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு பேஸ்ட் போட்டு முடிக்கலாம். டிஸ்க் தேய்க்கும் மெஷினும் இதைத்தான் செய்கிறது. கை பழகாதவர்கள் முதலில் உதவாத சிடி ஒன்றில் தேய்த்துப் பாருங்கள்.

தேய்க்காமல் நிரப்புகிற வழியும் உண்டு. வடை மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகிறதே, ஏன்? காகித நாருக்கு இடையில் இருந்த காற்றை எண்ணெய் நிரப்பிவிடுகிறது. ஒளி ஒவ்வொரு நாரிலும் முட்டித் திரும்பாமல் நேராகப் போகிறது. கீறலும் காற்று நிரம்பிய பள்ளம்தான். துளி தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் தங்கும். பிளாஸ்டிக்குக்கும் எண்ணெய்க்கும் ஒளி வளையும் அளவில் அதிக வித்தியாசம் இல்லை, ஒளி கீறலைக் கவனிக்காமலே போய்விடும். இது தற்காலிகம். ஒரு தடவை ஓட்டத்தான் உதவும். கம்ப்யூட்டர் டிரைவ் நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும், மேலே எண்ணெய் மிச்சம் இருந்தால் லென்ஸில் தெறிக்கும். நன்றாகத் துடைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். வாழைப்பழத் தோல் என்று ஒரு வைத்தியம் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அதிலும் கொஞ்சம் நிரப்புதல், கொஞ்சம் துடைத்தல், அவ்வளவுதான். கைவசம் தேங்காய் எண்ணெய் இருக்கும்போது அது தேவையில்லை.

செய்யவே கூடாதவை: பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர். அச்சுப் பிரஸ்களில் உருளை துடைக்கிற திரவத்தைச் சிலர் போட்டுவிடுகிறார்கள். மை போகும், அதோடு பிளாஸ்டிக்கும் வெளுத்து வெடிப்பு விட்டுவிடும். ஃப்ரீசரில் வைப்பதும் பல்பு சூட்டில் காட்டுவதும் கீறலைத் துளியும் குறைக்காது, சிடியை வளைத்துவிடும்.

சிடிக்கு இன்னொரு எதிரி கந்தகம், அதைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் பிளாக்பர்ன் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை 1988 முதல் 1993 வரை அடித்த சிடிகளில் பல, சில வருஷத்தில் வெண்கல நிறமாகி ஓடாமல் போயின. அவற்றில் அலுமினியத்துக்குப் பதிலாக வெள்ளி போட்டிருந்தார்கள். மேலே பூசிய வார்னிஷ் சரியில்லை. உறைக்குள் வைத்த காகிதத்தில் இருந்த கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிட்டது. அச்சகக் காகிதமும் பட்டாசுக் கந்தகமும் நம் பிழைப்பு. நாம் வீட்டில் ரைட் பண்ணிய சிடிகளில் நிறைய வெள்ளிப் படலம்தான். வேலைத் துணியோடு, அச்சுக் காகிதத்தோடு சேர்த்து அலமாரியில் அடுக்காதீர்கள். அதற்கென்று உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.

பழைய கேம் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, இப்போது உங்கள் கேம் டிஸ்க். என் கடைக்கு வந்த பையன்கள் கேட்ட கேள்வி இது: "அண்ணே, பாட்டு சிடி இதைவிடக் கீறியிருக்கு, ஓடுது. கேம் மட்டும் ஏன் லோடிங்லயே நிக்குது?" பாட்டில் ஒரு துணுக்கு மீளவில்லை என்றால் பிளேயர் முன்னும் பின்னும் உள்ளதை வைத்து இடையில் ஒன்றை ஊகித்து ஒட்டிவிடும், காது கண்டுபிடிக்காது. வீடியோ சிடியில், அதாவது விசிடியில், படம் கட்டம் கட்டமாக உடையும், ஆனால் நகரும். கேம் என்பது கட்டளை. கட்டளையை ஊகிக்க முடியாது. ஒரு எழுத்து தப்பினாலும் நிற்கத்தான் வேண்டும். அதனால்தான் கேம், சாப்ட்வேர் டிஸ்க்குகளில் 2352 பைட் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் 2048 மட்டும் விஷயத்துக்கு ஒதுக்கி, இன்னும் ஒரு அடுக்கு பிழைதிருத்தம் சேர்த்திருக்கிறார்கள். விசிடியில் அந்த அடுக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் படத்தை நிரப்பிவிட்டார்கள். கேம் டிஸ்க்குக்குக் காப்பு அதிகம், பொறுமை குறைவு.

பிளேஸ்டேஷன் ஒன்றின் கறுப்பு டிஸ்க்குகள் சிடி. இரண்டில் நீல அடி வைத்தவை சிடி, மற்றவை டிவிடி. இவற்றுக்கு நான் சொன்ன வைத்தியம் பலிக்கும். மூன்றும் நான்கும் புளூ-ரே. அதில் பளபளக்கும் பக்கத்தில் எழுத்தை மூடியுள்ள காப்புப் படலம் வெறும் 0.1 மில்லிமீட்டர், அதன்மேல் கீறாத பூச்சு ஒன்று. கழுவலாம், துடைக்கலாம். பேஸ்ட் போட்டால் அந்தப் பூச்சு போய்விடும், அதோடு டிஸ்க்கும் போய்விடும். இதை உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கேம் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தாதீர்கள். சுற்றுகிற டிஸ்க் உள்ளே உரசி, வட்டக் கீறல் விழும். அது எவ்வளவு மோசம் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

சரி, அந்த 2008-ஆம் வருஷத்து ராத்திரிக்கு வருகிறேன்.

சிடியைக் கழுவினேன். வெளிச்சத்தில் பிடித்தேன், லேபிள் பக்கம் ஒரு துளைகூட இல்லை. எழுத்து உயிரோடு இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. என் டிரைவில் பந்திக்கு முன்னால் நின்றது. பேஸ்ட் போட்டேன், கொஞ்சம் நகர்ந்து நின்றது. பக்கத்துக் கடை அண்ணாச்சியின் பழைய டிரைவைக் கழற்றி வந்து மாட்டினேன். அது மெதுவாக ஓடும், ஆனால் விடாமல் படிக்கும். வட்டக் கீறல் ஒன்று மட்டும் மசியவில்லை. உப்புத்தாளைத் தொட மனம் வரவில்லை. போனால் திரும்ப வராது. தேங்காய் எண்ணெய் ஒரு துளி தொட்டுத் துடைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, ஓட்டிப் பார்க்காமல் நேராகக் காப்பி போட்டேன். விடியற்காலையில் முடிந்தது. இரண்டு இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பந்தி முழுசாக வந்துவிட்டது.

இலையில் சாம்பார் ஊற்றுகிறார்கள். மாலை வாடிப் போன மாப்பிள்ளை, கேமராவைப் பார்த்து நிமிர்கிறார். "அண்ணே, நீங்க சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். மூன்று வினாடி. அதற்கு மேல் பாட்டு வந்துவிடுகிறது.

மறுநாள் அந்த அம்மா மகனையும் கூட்டி வந்திருந்தார். ஓட்டிக் காட்டினேன். அந்தப் பையன் திரும்பிச் சொன்னான், "அம்மா, அப்பா சத்தம் மாமா சத்தம் மாதிரியே இருக்கு." மூன்று காப்பி போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அது பெருந்தன்மையால் அல்ல, வெட்கத்தால். அதுவரை நானும் நூற்றுக்கணக்கான கல்யாணங்களுக்கு மிக்ஸிங் செய்திருக்கிறேன். தாலி கட்டும்போது, மாமியார் அழும்போது, தாத்தா ஆசீர்வாதம் பண்ணும்போது எல்லாம் மனிதர்களின் குரலை அணைத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டவன் நான். எத்தனை வீட்டின் கடைசிக் குரலை அழித்தேனோ. அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் பேச்சுச் சத்தத்தை நான் முழுசாக அழித்ததில்லை. வீடியோ எடுக்கிற தம்பிகள் இங்கே இருந்தால், மூல ஒலியை ஒரு பிரதி தனியாக வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பேஸ்ட்டும் எண்ணெயும் சிடியைப் புதுசாக்காது. ஒரு தடவை ஓட வைக்கும். அந்த ஒரு தடவையில் காப்பி எடுத்துவிட வேண்டும். நல்லா ஓடுதே, அப்புறம் பார்க்கலாம் என்று திரும்ப உறையில் போட்டால், செய்ததெல்லாம் வீண்.

காலமும் அதிகம் இல்லை. 2007 வாக்கில் 28 ரூபாய்க்குப் பட விசிடி விற்று வீடு வீடாகக் கொண்டு சேர்த்த மோசர் பேயர் நிறுவனத்தை 2018-இல் கலைக்க உத்தரவு ஆகிவிட்டது. இன்றைக்கு வாங்குகிற லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை. பிளேயர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நாம் ரைட் பண்ணிய சிடிகளில் எழுத்து, குழியாக இல்லை, சாயமாக இருக்கிறது. அந்தச் சாயம் வெயிலிலும் சூட்டிலும் மங்கும். நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். கீறலே விழாத சிடியும் பீரோவுக்குள் சும்மா இருந்தபடியே போய்விடலாம்.

அரங்கத்துக்கு வெளியே மேசை போட்டு, இரண்டு பழைய டிரைவும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறேன். இன்று ஒன்பது மணி வரை இருப்பேன். இந்த மாதம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் காலையில் இருப்பேன். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து கல்யாண சிடி, காதுகுத்து சிடி, பொங்கல் விளையாட்டு விழா சிடி, எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். வரும்வரை துடைக்க வேண்டாம். லேபிள் பக்கத்தைத் தொடாமல், நடுத்துளையிலும் விளிம்பிலும் மட்டும் பிடித்துக் கொண்டு வாருங்கள். பென் டிரைவ் ஒன்று மறக்காதீர்கள்.